மீட்க எவருமில்லாத கடலில்

இங்கிலாந்தின் தென்கரையில், கிழக்குச் சசெக்ஸ் பகுதியிலே, றொதர் நதி கடலோடு கலக்கும் இடத்தருகே றை ஹாபர் என்றொரு சிற்றூர் உண்டு. இடைக்காலத்திலே பெருந்துறையாக விளங்கிய றை நகரம் அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு மைல் தொலைவில் ஒரு குன்றின்மேல் நிற்கிறது. கடல் மெல்ல மெல்லப் பின்வாங்க, அது விட்டுச்சென்ற சேற்று நிலத்திலும் பரற்கற் பரப்பிலும் எழுந்ததே இச் சிற்றூர். நாற்புறமும் தட்டையான நிலம். அதன்மேல் ஓயாது வீசும் கடற்காற்று. இங்கு வாழ்ந்தோர் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித் தொழிலை நம்பியவர்கள்.

ஊருக்குச் செல்லும் பாதையோரத்தில் பரிசுத்த ஆவியின் பெயரால் அமைந்த சிறு தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதன் சேமக்காலையிலே ஒரு நினைவுக்கல் நிற்கிறது. மழைக்காப்பு உடையும் மிதவைக் கச்சையும் அணிந்த உயிர்காப்புப் படகோட்டி ஒருவனின் உருவம் அதிலே செதுக்கப்பட்டுள்ளது. 1928ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15ஆம் நாள் கடலில் மாண்ட பதினேழு பேரின் நினைவாக எழுந்த கல் அது.

வீரர்க்குக் கல் எடுக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. நிரை மீட்டுப் பட்ட வீரனுக்குக் கல் கண்டு, அதனைக் கொணர்ந்து, நீராட்டி, நட்டு, சிறப்புச் செய்து, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் துறை துறையாக வகுத்துக் கூறுகின்றது. அவ் வீரன் ஏதோ ஒன்றை மீட்டான். அல்லது மீட்கப்பட வேண்டிய ஒன்று அவன் கண்முன்னே இருந்தது. றை ஹாபரின் கல்லோ விசித்திரமானது. அக் கல் நினைவுகூரும் பதினேழு பேரும் அன்று எவரையும் மீட்கவில்லை. அவர்கள் காக்கப் புறப்பட்ட மாலுமிகள், இவர்களுடைய படகு அலையிலே இறங்கியபோதே வேறொரு கப்பலில் ஏறி உயிர் தப்பியிருந்தனர். அன்றைய கடலிலே மீட்கப்படுவதற்கு எவரும் இருக்கவில்லை. அப்படியாயின் இக் கல் எதனைப் போற்றுகின்றது?

இக் கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், முதலில் அந் நாளின் கதையை அறிதல் வேண்டும்.

அதிகாலை அழைப்பு

அன்று வியாழக்கிழமை. முதல்நாள் இரவு முழுவதும் ஆங்கிலக் கால்வாயிலே தென்மேற்குப் புயல் குமுறிக்கொண்டிருந்தது. மணிக்கு எண்பது மைலுக்கும் மேலான வேகத்தில் காற்று வீசிற்று. றீகா துறைமுகத்தைச் சேர்ந்த 'அலிஸ்' என்னும் லத்வியக் கப்பல் செங்கல் ஏற்றிக்கொண்டு அவ் வழியே சென்றது. டஞ்செனஸ் முனைக்குத் தென்மேற்கே சுமார் எட்டு மைல் தொலைவில், 'ஸ்மேர்னா' என்னும் ஜேர்மன் கப்பல் அதனோடு மோதிற்று. பக்கம் பிளந்து, சுக்கானும் இழந்து அலைந்தது அலிஸ். செய்தி கரைக்கு எட்டிய வேளை அதிகாலை ஐந்து மணி.

றை ஹாபரின் உயிர்காப்புப் படகுக்குப் பெயர் 'மேரி ஸ்ரான்போட்'. 1916ஆம் ஆண்டு கட்டப்பட்ட அப் படகு முப்பத்தெட்டு அடி நீளமுடையது. அதற்கு இயந்திரம் இல்லை. பதினான்கு துடுப்புகளும் பாயுமே அதன் வலிமை. கவிழ்ந்தால் தானாக நிமிர்ந்துகொள்ளும் அமைப்பும் அதற்கு இல்லை. உயிர்காப்புச் சங்கம் இயந்திரப் படகுகளை இந் நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சோதிக்கத் தொடங்கிவிட்டதாயினும், 1928இலும் பல கடற்கரைகளிலே மனிதர் தோள்வலியே படகைச் செலுத்திற்று.

வெடியோசை கேட்டதும் ஆண்கள் படுக்கையை விட்டு எழுந்து ஓடினர். படகுக் கொட்டகை ஊரிலிருந்து ஒரு மைலுக்கும் அப்பால், வெறுங் கடற்கரையிலே இருந்தது. இருளிலும் மழையிலும் எதிர்க்காற்றிலும் அத் தூரத்தைக் கடந்தனர். கடல் வற்றியிருந்தமையால் படகை நெடுந்தூரம் மணலில் இழுத்துச்செல்ல வேண்டியிருந்தது. இழுத்துச்சென்ற படகை அலை கரைக்கே திருப்பி எறிந்தது. மீண்டும் முயன்றனர். மூன்றாவது முயற்சியிலேதான் படகு அலையைக் கடந்து மிதந்தது. அப்பொழுது மணி ஆறே முக்கால்.

படகின் தண்டையலாக இருந்தவர் ஹேபேர்ட் ஹெட். வயது நாற்பத்தேழு. அவருடன் அவருடைய இரு புதல்வரும் துடுப்புப் பிடித்தனர். மூத்தவனுக்குப் பத்தொன்பது வயது, இளையவனுக்குப் பதினேழு. கட்டிங் என்னும் குடும்பத்திலிருந்து மூன்று சகோதரர். போப் என்னும் குடும்பத்திலிருந்து மூன்று சகோதரர். ஊரின் மீன்பிடி ஆண்களிலே ஏறக்குறைய அனைவரும் அப் படகிலே இருந்தனர்.

படகு அலையில் இறங்கி ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆறு மணி ஐம்பது நிமிடத்துக்கு மற்றொரு செய்தி கரைக்கு வந்து சேர்ந்தது: அலிஸ் கப்பலின் மாலுமிகளை ஸ்மேர்னா ஏற்றிக்கொண்டது, படகு தேவையில்லை.

உடனே திரும்பி வருமாறு ஒளிவாணம் எய்தனர். ஒருமுறையன்று, மூன்றுமுறை எய்தனர். படகிலே வானொலி இல்லை. கரைக்கும் படகுக்கும் இடையே பேசத்தக்க மொழி அவ் வெளிச்சம் ஒன்றே. அந்த மொழியை மழையும் அலைத்தூவலும் விழுங்கிவிட்டன. முகத்திலே உப்புநீர் அறைய, கண்ணைத் திறக்கவும் இயலாத நிலையில் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பின்புறத்து வானத்தில் எழுந்த ஒளி தெரியவில்லை. அவர்கள் மேலும் மேலும் கடலுக்குள் சென்றனர்.

கரையில்

காலை ஒன்பது மணியளவில் டஞ்செனஸ் அருகே சென்றுகொண்டிருந்த ஒரு கப்பலிலிருந்து அப் படகு காணப்பட்டது. அப்பொழுது அது நல்ல நிலையிலேயே இருந்தது. தேடிச் சென்ற கப்பலைக் காணாது, ஒருவேளை செய்தியையும் ஊகித்து, அவர்கள் வீடு நோக்கித் திரும்பியிருத்தல் வேண்டும். பத்தரை மணியளவில், கம்பர் என்னும் அயற்கரையிலே விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு சிறுவன், துறைமுக வாயிலை நெருங்கிய படகு அலையில் கவிழக் கண்டான். ஓடிச்சென்று வீட்டிலே சொன்னான். பொய் சொல்கிறான் என்று எண்ணி அவனுடைய தந்தை அவனை அடித்தார் என்பர். அத்தகையதொரு செய்தியை முதல் தடவையிலேயே எவர் நம்புவார்?

நண்பகலளவில் ஊர் முழுவதும் கரையிலே திரண்டுவிட்டது. கவிழ்ந்த படகு அலைகளில் அடிபட்டுக் கரையை நோக்கி வந்தது. அதனைத் தொடர்ந்து உடல்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. கரையில் நின்றவர்கள் நீரிலே பாய்ந்து அவற்றை இழுத்தெடுத்தனர். மூச்சு வரச்செய்ய மணிக்கணக்காக முயன்றனர். ஒருவரும் பிழைக்கவில்லை. பதினைந்து உடல்கள் கிடைத்தன. மற்றொன்று மூன்று மாதங்களின் பின் ஈஸ்ற்போண் கரையிலே ஒதுங்கிற்று. தண்டையலின் இளைய மகன், பதினேழு வயதுப் பிள்ளை, இன்றுவரை கடலிலேதான் கிடக்கிறான்.

ஒரு குடும்பத்திலே தந்தையும் இரு மக்களும். வேறிரு குடும்பங்களிலே மும்மூன்று சகோதரர். எண்ணிக்கையாகச் சொல்லும்போது பதினேழு என்பது சிறிய எண். ஆயின் ஊர் சிறிது. பதினேழு உழைப்பாளிகளை ஒரே காலையிற் பறிகொடுத்த ஊரில், மறுநாள் வலையை எடுத்துக் கடலுக்குப் போக எத்தனை பேர் எஞ்சியிருப்பர் என்று எண்ணிப் பாருங்கள். நாட்டின் துக்கம் சில வாரங்களிலே அடங்கும். ஒரு சிற்றூரின் துக்கமோ ஒவ்வொரு வீட்டின் அடுப்படியிலும் ஒரு தலைமுறைக் காலம் குந்தியிருக்கும்.

நவம்பர் 20ஆம் நாள் அடக்கம் நடைபெற்றது. ஆயிரக்கணக்கானோர் அச் சிற்றூரில் வந்து கூடினர். லத்விய அரசின் பிரதிநிதியும் வந்திருந்தார். தேவாலயச் சேமக்காலையிலே ஒரே பொதுக்குழியிலே அவர்கள் அருகருகே கிடத்தப்பட்டனர். ஒரே படகில் இருந்தவர்களை மரணத்திலும் பிரிக்கலாகாது என்று ஊரார் எண்ணினர் போலும்.

மான் தீவிலிருந்து வந்த கல்

அப் பொதுக்கல்லறையின் நினைவுக்கல்லுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது சசெக்ஸ் மண்ணிற் பிறந்த கல்லன்று. பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலே கிடக்கும் மான் என்னும் தீவின் மக்கள் தம் தீவின் கல்லையே அன்பளிப்பாக அனுப்பினர். நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள அத் தீவினருக்கு றை ஹாபரின்மேல் என்ன உரிமை?

உயிர்காப்புப் படகுச் சங்கம் என்னும் எண்ணமே அத் தீவிற் பிறந்தது என்பதே விடை. சேர் வில்லியம் ஹிலறி என்பவர் மான் தீவின் டக்ளஸ் நகரில் வாழ்ந்தவர். தம் வீட்டுக்கு முன்னால் விரிந்த குடாவிலே கப்பல்கள் உடைவதையும், கரையிலே மனிதர் கைபிசைந்து நிற்பதையும் அவர் கண்டார். கடலில் தவிப்போரைக் காப்பதற்கென நாடு தழுவியதொரு நிறுவனம் வேண்டும் என்று 1823இல் ஒரு வேண்டுகோளை எழுதி அச்சிட்டு வெளியிட்டார். அதன் பயனாக 1824 மார்ச் 4ஆம் நாள் இலண்டனிலே அச் சங்கம் தோன்றிற்று. 1854இல் அது இன்றைய பெயரைப் பெற்றது.

ஹிலறி எழுதியதோடு நின்றவர் அல்லர். நீந்தத் தெரியாதிருந்தும் தாமே படகிலே ஏறிச் சென்றவர். 1830இல், அறுபது வயதை எட்டும் நிலையில், ஒரு கப்பலின் மாலுமிகளை மீட்கச் சென்றபோது அலை அவரைக் கடலில் வீசிற்று; விலா எலும்புகள் முறிந்தன. ஆயினும் அன்று அவரும் பிழைத்தார். கப்பலில் இருந்தோரும் பிழைத்தனர். டக்ளஸ் குடாவின் நடுவே, கப்பல்களை உடைத்த அதே பாறையின்மேல், உடைந்த கப்பலிலிருந்து நீந்தி வருவோர் தங்குவதற்கென அவர் முயற்சியால் 1832இல் எழுந்த புகலிடக் கோபுரம் இன்றும் நிற்கிறது.

இச் சங்கத்தின் இயல்பு நாம் சிந்திக்கத் தக்கது. அரசாங்க நிதியை அது நம்பி நிற்பதில்லை. 1854 முதல் 1869 வரை சிறிது காலம் அரசின் உதவியை ஏற்றது. பின்னர் வேண்டாம் என்று கூறிவிட்டது. மக்கள் தரும் நன்கொடையும், படகேறுவோர் தாமாக முன்வரும் மனமுமே அதன் இரு தூண்கள். அழைப்பு வரும்போது போகவேண்டும் என்று மீனவர் எவரையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கடலுக்குச் சென்று வந்தால் சிறு வெகுமதி கொடுப்பர். அது ஒரு நாட் கூலிக்கு ஈடாகலாம், ஓர் உயிருக்கு ஈடாகாது.

இத்தகைய சங்கத்தின் தாய்மண்ணிலிருந்து றை ஹாபருக்கு வந்த கல்லிலே, இறந்தவர்கள் தாமே பேசுவது போன்றதொரு வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. எங்கள் கடமை எதுவோ அதனையே நாங்கள் செய்தோம் என்பது அதன் கருத்து. விவிலிய நூலை ஒட்டியது அவ் வாசகம். அதிலே 'வீரம்' என்ற சொல் இல்லை. 'தியாகம்' என்ற சொல்லும் இல்லை. கடமை என்ற ஒரு சொல்லே உண்டு.

கல் சொல்லாத கேள்வி

நினைவுக்கல் புகழ் பேசும். கேள்வி கேட்பது அதன் தொழிலன்று. அது உயிரோடிருப்பவர்களின் தொழில். அந்தக் கேள்விகளை அன்றைய மக்கள் கேட்டனர் என்பது இக் கதையின் பெருமைக்குரிய பகுதிகளில் ஒன்று.

செய்தி ஐந்து நிமிடம் முந்தி வந்திருந்தால் பதினேழு பேரும் வீடு திரும்பியிருப்பர். அது ஏன் பிந்தியது? துடுப்புப் படகை அத்தகைய புயலில் அனுப்பலாமா? மிதவைக் கச்சைகள் சரியாக இருந்தனவா? இவ்வாறெல்லாம் ஊரார் கேட்டனர். கச்சைகளைப் பற்றிய ஐயம் பலமாக எழுந்தது. அவற்றினுள்ளே அடைக்கப்பட்டிருந்தது இலவம் பஞ்சு. நம் வீட்டுத் தலையணையிலே அடைக்கும் அதே பஞ்சுதான். இலவம் இழைகள் நீரை எளிதில் ஏற்பதில்லை, ஆகையால் மிதக்கும். எனினும் நாட்பட்டு நைந்த கச்சைகள் நீரை உறிஞ்சிப் பாரமாகிவிட்டனவோ என்று கரையில் நின்று உடல்களை இழுத்தவர்கள் ஐயுற்றனர்.

விசாரணை மன்றம் ஒன்று கூடிற்று. உயிர் தப்பியவர் எவரும் இல்லாமையால் படகு கவிழ்ந்த காரணத்தை ஊகிக்க மட்டுமே முடியும் என்று அது கூறிற்று. பெருகிவரும் நீரோட்டத்தின்போது, உயர்ந்தெழுந்து உடையும் அலைகளின் நடுவே துறைமுக வாயிலுள் நுழைய முயன்ற வேளையில் படகு திடீரெனக் கவிழ்ந்திருத்தல் வேண்டும். இருவர் படகின் அடியிலே சிக்கிக்கொண்டனர். மற்றையோர் அலைகளிடையே வீசப்பட்டனர். இதுவே மன்றத்தின் முடிபு. எவர்மீதும் பழி சுமத்துவதற்குரிய சான்று இருக்கவில்லை. ஆனால் சான்று இல்லை என்பது துயருற்றவர் மனத்தை ஆற்றிவிடுமா? அந்த ஐந்து நிமிடம் றை ஹாபரின் வீடுகளிலே எத்தனை ஆண்டுகள் பேசப்பட்டிருக்கும்!

கடமை என்று கல்லில் எழுதிவிட்டால் இறந்தவர்க்குரிய நம் கடன் தீர்ந்துவிடாது. அவர்களைக் கடலுக்கு அனுப்புவோரின் கடமையும் அதே கல்லின்முன் விசாரிக்கப்படுதல் வேண்டும். நல்ல படகு, நல்ல கச்சை, காலந் தாழ்த்தாத செய்தி, பின்னே விட்டுச்செல்லும் பெண்டிர் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு ஆகிய இவை நான்கும் இல்லாத இடத்தில் பிறருடைய தியாகத்தைப் புகழ்வது மலிவானதொரு செயலாகும்.

வேறு கரைகள், வேறு கற்கள்

றை ஹாபரின் துயரம் தனித்ததன்று. பிரித்தானியத் தீவுகளின் கரையோரச் சேமக்காலைகள் பலவற்றிலே இத்தகைய கற்கள் உள்ளன. அவற்றுட் சில வியக்கத்தக்க ஒற்றுமை உடையன.

1886 டிசம்பர் 9ஆம் நாள் இரவு, லங்காஷயர் கரைக்கு அப்பால் 'மெக்சிக்கோ' என்னும் ஜேர்மன் பாய்க்கப்பல் மணற்றிட்டிலே தட்டி நின்றது. மூன்று ஊர்களிலிருந்து மூன்று படகுகள் சென்றன. செயின்ற் ஆன்ஸ் படகிலே சென்ற பதின்மூவரும் மாண்டனர். சவுத்போட் படகிலே சென்ற பதினாறு பேரில் பதினான்கு பேர் மாண்டனர். லிதம் என்னும் ஊரின் படகோ அன்றுதான் முதன்முறையாக மீட்புப் பணிக்கு இறங்கியது. அது கப்பலிலிருந்த பன்னிரண்டு பேரையும் காப்பாற்றித் திரும்பிற்று. இருபத்தேழு மீட்பர் இறந்தனர். மீட்கப்பட வேண்டியோரில் ஒருவரும் இறக்கவில்லை. செயின்ற் ஆன்ஸின் தேவாலயச் சேமக்காலையிலும் கடற்கரையிலும் அவர்களுக்கு நினைவுச்சின்னங்கள் எழுந்தன.

அத்துடன் அவ்வூர்கள் நின்றுவிடவில்லை. மறு ஆண்டே, கப்பற் கட்டடக் கலையில் வல்ல ஜோர்ஜ் வாட்சன் என்பவரைச் சங்கம் ஆலோசகராக அமர்த்திற்று. படகுகளின் அமைப்பு திருந்தத் தொடங்கிற்று. செயின்ற் ஆன்ஸிலே வாழ்ந்த சார்ள்ஸ் மக்காரா என்னும் ஆலை அதிபர், விதவைகளின் நிலையைக் கண்டு மனம் நொந்து, செல்வரிடம் மட்டுமே நன்கொடை கேட்கும் பழக்கத்தை மாற்றினார். 1891இல் மான்செஸ்ரர் நகர வீதிகளிலே படகையே ஊர்வலமாகக் கொண்டுசென்று, தொழிலாளர் கையிலுள்ள செப்புக் காசையும் கேட்டு வாங்கினார். தெருவிலே உண்டியல் குலுக்கி அறப்பணிக்குப் பொருள் சேர்க்கும் வழக்கம் அந் நாட்டிலே இதிலிருந்தே பரவிற்று. துயரத்தைக் கல்லாக்கிய ஊர், அதனைக் கைப்பொருளாகவும் கருவியாகவும் ஆக்கத் தெரிந்துகொண்டது.

1901 நவம்பரிலே நோர்போக் கரையில் கெய்ஸ்ரர் என்னும் ஊரின் படகு கவிழ்ந்து ஒன்பது பேர் இறந்தனர். எழுபத்தெட்டு வயதுக் கிழவரான ஜேம்ஸ் ஹெயிலற், இரவிலே அலைக்குள் இறங்கித் தம் மருமகனையும் பேரனையும் இழுத்துக் காத்தார். தம் புதல்வர் இருவரை அவராற் காக்க முடியவில்லை.

1969 மார்ச் 17ஆம் நாள், ஸ்கொத்லாந்துக்கு வடக்கே ஓர்க்னித் தீவுகளிலே, லோங்ஹோப் படகு எட்டுப் பேருடன் மூழ்கிற்று. தண்டையலும் அவருடைய இரு புதல்வரும் அதிலே இருந்தனர். இயந்திரம் பேணியவரும் அவருடைய இரு புதல்வரும் இருந்தனர். அவர்கள் தேடிச்சென்ற 'ஐறீன்' என்னும் லைபீரியக் கப்பல் கரையிலே தட்டியது. அதன் மாலுமிகள் பதினேழு பேரையும் கரையில் நின்றவர்கள் கயிறு கட்டி இறக்கி மீட்டனர். நாற்பது ஆண்டு இடைவெளியில் றை ஹாபரின் கதையே மீண்டும் நிகழ்ந்தது போல இல்லையா? தந்தை, இரு மக்கள், உயிர் தப்பிய அயல்நாட்டு மாலுமிகள், கடலைப் பார்த்து நிற்கும் ஒரு கல்.

கடமை என்னும் சொல்

முதலிலே எழுப்பிய கேள்விக்கு இப்பொழுது வருவோம். எவரையும் மீட்காது இறந்தவர்களைக் கல் எதற்காகப் போற்றுகிறது?

ஒரு செயலின் பெறுமதியை அதன் விளைவைக் கொண்டே அளப்பவர் உளர். அவர்களுடைய கணக்கின்படி, 1928 நவம்பர் 15இல் பதினேழு உயிர்கள் வீணாயின. அக் கணக்கை முற்றிலும் தவறென்று தள்ளவும் முடியாது. தாயொருத்தி தன் மூன்று புதல்வரின் உடல்களைப் பார்த்து, 'இது எதற்காக?' என்று கேட்டிருப்பாளாயின், கடமை என்ற விடை அவளுக்குப் போதுமாயிருந்திருக்காது. அவளுடைய கேள்விக்கு முன்னால் எந்தத் தத்துவமும் சற்றுத் தலைகுனிந்து நிற்பதே முறை.

ஆனால் வேறொரு கணக்கும் உண்டு. ஆறே முக்கால் மணிக்குப் படகைத் தள்ளியவர்கள் அறிந்திருந்தது என்ன? தமக்குப் பெயர் தெரியாத ஒரு நாட்டுக் கப்பல் சுக்கானின்றி அலைகிறது. அதிலே மனிதர் இருக்கின்றனர். தம்மிடம் ஒரு படகு இருக்கிறது. இவ்வளவே. மனிதன் எப்பொழுதும் அறிந்ததை வைத்துக்கொண்டே முடிவு செய்யவேண்டியவன். பின்னால் வரப்போகும் செய்தியை வைத்துக்கொண்டு முடிவு செய்ய அவனால் இயலாது. செய்தி வரட்டும் என்று அவர்கள் காத்திருந்தால் அன்று பிழைத்திருப்பர், உண்மைதான். ஆயின் ஒவ்வொரு புயலிலும் அவ்வாறு காத்திருக்கும் ஊர் எவரையும் எக்காலத்திலும் காக்காது. 1824 முதல் இன்றுவரை அச் சங்கத்தின் படகுகள் காத்த உயிர்கள் 140,000க்கும் மேற்பட்டவை. அத்தனை உயிர்களும், காத்திருக்காமற் புறப்பட்டவர்களாற் பிழைத்தவை. வெறுங்கையோடு திரும்பிய நாட்களும் திரும்பாத நாட்களும் அந்த எண்ணின் மறைந்த பகுதிகள்.

சட்டத்தின் கட்டாயம் இல்லாத இடத்திலே கடமை என்ற சொல்லை அக் கல் பயன்படுத்துவது முதலிலே முரணாகத் தோன்றலாம். நம் வள்ளுவர்க்கு அது முரணாகத் தோன்றியிராது. ஒப்புரவு என்னும் அதிகாரத்திலே, பதிலுக்கு எதுவும் பெறாது செய்யும் உதவியைக் குறிக்க அவர் ஆண்ட சொல் கடப்பாடு. மழைக்கு உலகம் என்ன திருப்பிக் கொடுக்கிறது என்று அவர் கேட்கிறார். எவரும் கேளாமலும், எதுவும் பெறாமலும், தன் இயல்பாகவே ஒருவன் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் கடன் அது. றை ஹாபரின் மீனவர் வள்ளுவரை அறியார். ஆயினும் கடலை நம்பி வாழ்பவர்களுக்குள்ளே எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் உண்டு. இன்று நான் உன்னைத் தேடி வருவேன். நாளை என்னைத் தேடி, யாரென்று தெரியாத ஒருவன் வருவான். அந்த ஒப்பந்தத்துக்கு நாடில்லை, மொழியில்லை. செங்கல் ஏற்றிவந்த லத்வியக் கப்பலுக்காகச் சசெக்ஸ் மீனவர் இறந்ததும், அவர்களுடைய அடக்கத்துக்கு லத்விய அரசின் பிரதிநிதி வந்து நின்றதும், மான் தீவினர் கல் அனுப்பியதும் அதே ஒப்பந்தத்தின் வெவ்வேறு கையெழுத்துகள்.

இன்று

மேரி ஸ்ரான்போட் படகு மீண்டும் கடலில் இறக்கப்படவில்லை. அதனைச் சங்கம் உடைத்துவிட்டது. 1882ஆம் ஆண்டு கொங்கிறீற்றாற் கட்டப்பட்ட அதன் கொட்டகையிலே அதன்பின் எந்த உயிர்காப்புப் படகும் குடிபுகவில்லை. பரற்கற் கரையிலே, வேறு கட்டடம் எதுவும் அருகில் இல்லாத வெளியிலே, அக் கொட்டகை இன்றும் தனித்து நிற்கிறது. அதனைப் பேணுவதற்கென அன்பர்கள் சிலர் முயன்று வருகின்றனர். அயலூராகிய வின்செல்சியின் பழைய தேவாலயத்திலே, டக்ளஸ் ஸ்ட்றக்கன் என்னும் ஓவியர் இவர்களுடைய நினைவாகத் தீட்டிய வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்று உண்டு; அலையினுள் செல்லும் படகும், கரையிலே நின்று பார்ப்போரும் அதிலே காணப்படுகின்றனர். ஆண்டுதோறும் நவம்பரிலே றை ஹாபர்த் தேவாலயத்தில் நினைவு வழிபாடு நிகழ்கின்றது. 2028இல் நூறாண்டு நிறைவெய்தும்.

1928க்குப் பின் முப்பத்தெட்டு ஆண்டுகள் றை ஹாபரில் உயிர்காப்புப் படகு இருக்கவில்லை. பறிகொடுத்த ஊரிடம் மீண்டும் ஆட்களைக் கேட்க எவர்க்கு நா எழும்? ஆனால் 1966ஆம் ஆண்டு, கரையோரப் பணிக்கு ஏற்ற சிறியதொரு விரைவுப் படகை நிறுத்தி, அங்கு நிலையம் மறுபடியும் திறக்கப்பட்டது. அதிலே ஏறுவோரும் முன்போலத் தாமாக முன்வருபவர்களே. முன்னோர் கிடக்கும் சேமக்காலையைக் கடந்து, அழைப்பு வரும்போதெல்லாம் அவ்வூர் இளைஞர் கடலுக்குச் செல்கின்றனர்.